கோட்டைத் தொட்டுத் திரும்பும் கயிறு

போன வாரம் எங்கள் பள்ளியின் இப்போதைய கணக்கு டீச்சர் வசந்தா என் வீட்டுக்கு வந்தாள். வைத்த காப்பியைத் தொடக்கூட இல்லை, புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

"டீச்சர், வளைவு எங்கெங்க கோட்டை வெட்டுதுன்னு பாக்குறாங்க. காரணியை எழுதிப் பெருக்குறாங்க. முடிஞ்சுதுன்னு பேனாவை மூடிடுறாங்க. முன்னாடி ஒரு பெருக்கு எண் வரணும்னு நூறு தடவை சொல்லியாச்சு. மண்டையில ஏறவே மாட்டேங்குது."

"மண்டையில ஏறாது. கையிலதான் ஏறும். கயிறு குடுத்தியா?" என்றேன்.

திருதிருவென்று விழித்தாள். கயிறா, எதுக்கு டீச்சர் என்றாள். சரிதான், இந்தக் கதையே இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்று எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும், அது ஊரறிந்த சங்கதி. பணியில் இருந்த காலத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'கடுகு டீச்சர்'. வசந்தாவுக்குச் சொல்லி முடித்ததும், இதை அப்படியே பள்ளி மலருக்கு எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டாள். எழுதுகிறேன். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், பெருமைப்படத்தக்க காரியத்தைச் செய்துவிட்டுத்தான் பெருமைப்படுகிறேன்.

எழுமலையில் பிறந்தேன். மதுரையில் படித்தேன். மெட்ராஸில் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். அந்தப் பயிற்சியில் நான் கற்றது, கரும்பலகையில் நேராக எழுதுவதும் மெட்ராஸ் தண்ணீரைச் சகித்துக்கொள்வதும்தான். மற்றதையெல்லாம் பழைய மதுரையின் ஒரு சந்துக்குள் இருந்த இந்தப் பெண்கள் பள்ளியில், எங்கள் தலைமையாசிரியை அன்னம்மாளிடம் கற்றேன்.

அவரை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வகுப்புக்குள் பின்வாசல் வழியாக வருவார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொள்வார். பாடம் முடியும்வரை வாயே திறக்கமாட்டார். அவர் வந்திருப்பது பாதிநேரம் எனக்கே தெரியாது. விடை தப்பாக வந்தால் தப்பு என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது. சரியாக வந்தால் சரி என்றும் சொல்லமாட்டார். இரண்டுக்கும் ஒரே சொல்தான் வைத்திருந்தார், "போட்டுப் பார்."

எக்ஸுக்கு மூன்று என்று விடை வந்ததா? மூன்றைக் கொண்டுபோய்ச் சமன்பாட்டில் போட்டுப் பார். பொருந்தினால் உனக்கே தெரியும், பொருந்தாவிட்டாலும் உனக்கே தெரியும், என் முகத்தை ஏன் பார்க்கிறாய் என்பது அவர் கட்சி. கணக்கோடு இது நின்றாலாவது பரவாயில்லை. அழகர்கோவிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக ஏற்பாடு செய்தபோது, "பஸ் ஏழு மணிக்காம் பெரிய டீச்சர்" என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "போட்டுப் பாத்தியா?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை நடந்து போய் விசாரித்தேன். ஏழு மணி பஸ்ஸை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டதாம்.

அப்புறம் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. கட்டம் போட்ட வரைதாள் கடைகளில் காணாமல் போனது. வெள்ளைத்தாளே கிடைப்பது அரிது, இதில் கட்டத்தாளுக்கு எங்கே போவது? மேல்வகுப்பில் அல்ஜீப்ரா எடுத்த பிள்ளைகள் ஆறே பேர். அந்த ஆறு பேருக்கும் வளைவு வரைந்து பார்க்க வழியில்லை. கரும்பலகையில் நான் வரைந்தால் அவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், வேடிக்கை பார்த்து யாருக்குக் கணக்கு வந்திருக்கிறது? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒருநாள் ஆறு பேரையும் வளையம் எறிந்து டென்னிகாய்ட் ஆடும் முற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் கிணற்றடியில் கிடந்த தாம்புக் கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டேன்.

முறையைச் சொல்கிறேன், வசந்தா நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். முற்றத்தின் குறுக்கே சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு. அதுதான் எக்ஸ் கோடு. நடுவில் பூஜ்யம். வேப்பமரத்துப் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கிணற்றுப் பக்கம் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. கோட்டின் மேல் கயிற்றை வளைத்து வளைத்துப் போடுவோம். கயிறு கோட்டைத் தாண்டி அந்தப்பக்கம் போகிற இடத்தில் ஒருத்தி நிற்பாள். அவள் நிற்கும் எண் மூன்று என்றால், "எக்ஸ் கழித்தல் மூன்று" என்று கத்துவாள். மைனஸ் இரண்டில் நிற்பவள் "எக்ஸ் கூட்டல் இரண்டு" என்பாள். கோட்டிலிருந்து கயிறு விலகி நிற்கும் தூரம்தான் உயரம். அந்த இடத்தில் அது பூஜ்யம், ஆகையால் அங்கே பூஜ்யமாகிற காரணி ஒன்று விடையில் இருந்தே தீரவேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனால் கயிறு சில இடத்தில் கோட்டைத் தாண்டாது. வந்து தொட்டுவிட்டு, வந்த பக்கமே திரும்பிப் போகும். அங்கே நிற்பவள் தன் காரணியை இரண்டு தடவை கத்தவேண்டும். ஏனென்று கேட்டால், பெரிய டீச்சர் சொன்னதுதான் பதில், போட்டுப் பார். ஒரு தடவை பெருக்கினால் அந்த எண்ணுக்கு இந்தப்பக்கம் பிளஸ், அந்தப்பக்கம் மைனஸ் ஆகிவிடும். இரண்டு தடவை பெருக்கினால்தான் இரண்டு பக்கமும் ஒரே குறி நிற்கும். காரணிகளை எல்லாம் பெருக்கிவிட்டால் வளைவு கிட்டத்தட்ட கைக்கு வந்துவிடும். கிட்டத்தட்டத்தான், முழுக்க வராது. மிச்சக் கதை பின்னால் வருகிறது.

முதல்நாளே வம்பும் வந்தது. பள்ளி ஆயா பேச்சி குடத்தோடு முற்றத்துக்கு வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, கணக்குக்குக் கயிறு எதுக்கு? யாரைக் கட்டிப்போடப் போறீக? பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணி எடுக்க வேணாமா?"

"இந்தா பேச்சி, ஒரு பீரியட் பொறு."

"தாகம் பீரியட் பாத்தா வருது?" என்று அவள் கேட்டதும் ஆறு பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஆறு பேரில் கதீஜா என்று ஒருத்தி. மெலிந்த பிள்ளை, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். கயிறு போட்டுக்கொண்டிருக்கும்போதே காரணிகளைச் சொல்லிவிடுவாள். அப்பாவை அத்தா என்பாள். அவர் தையல்கடை வைத்திருந்தார். மேல்வகுப்பில் சேர்க்க வந்த அன்றே அந்த மனிதர் என்னிடம் கறாராகப் பேசிவிட்டார்.

"டீச்சரம்மா, வயசுப் புள்ளைய ஏன் இன்னும் அனுப்புறேன்னு மொஹல்லாவுல ஆளாளுக்குக் கேக்குறாக. தைக்கப் படிக்கணும்னா எம்புள்ள இங்க எதுக்கு வரணும்? வீட்ல மெஷினு இருக்கு, நான் இருக்கேன். கணக்கு நல்லா வருதுங்கிறீக, கணக்குப் படிக்கத்தான் அனுப்புறேன். அது இருக்குற வரைக்கும் வருவா. இல்லேன்னா வீட்லயே இருக்கட்டும்."

இருக்கும், நான் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த மறுமாதமே ஆபத்து வந்தது.

பள்ளிக் கமிட்டியின் செக்ரட்டரி தல்லாகுளத்தில் குடியிருந்த வக்கீல். பெரிய தலைப்பாகை, அதைவிடப் பெரிய குரல். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தாம் நினைத்ததுதான் ஊர் நினைப்பு என்று நம்புகிற மனிதர். ஒருநாள் பெரிய டீச்சர் அறையில் வந்து உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"யுத்தத்துல காயம்பட்டவங்களுக்குக் கட்டுத்துணி தைச்சு அனுப்பணும். தையல் கிளாஸுக்கு இடம் பத்தலை. அல்ஜீப்ரா அறையை அதுக்குக் குடுத்திடலாம்னு இருக்கோம். ஆறு பொம்பளைப் பிள்ளைக கயித்தை வச்சுக்கிட்டு முத்தத்துல விளையாடுதுக. அதுக்கு ஒரு அறை, ஒரு டீச்சரா? இதெல்லாம் அதுகளுக்கு ஏறுமா? என் மக பத்மாவையே நான் தையலுக்குத்தான் போட்டிருக்கேன்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. வாயைத் திறந்தேன். பெரிய டீச்சர் குடையின் நுனியால் என் காலை மெல்லத் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடியும்வரை வக்கீலும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"ஏறலைன்னு போட்டுப் பாத்தீங்களா?" என்றார் அமைதியாக. "உங்களுக்கு நம்பிக்கையான ஆளை யாரையாவது கூட்டிட்டு வாங்க. பிள்ளைகளைச் சோதிக்கட்டும். ஏறலைன்னு அவர் சொன்னா, அறைச் சாவியை நானே உங்க கையில தாரேன்."

வக்கீலுக்கு இது நியாயமாகப் பட்டது. காலேஜில் கணக்குப் புரொபசராக இருந்த தம் நண்பரை அழைத்துவருவதாகச் சொல்லிப் போனார். நான் பெரிய டீச்சரிடம், சாவியைத் தருகிறேன் என்று ஏன் சொன்னீர்கள், கதீஜாவை அவள் அத்தா நிறுத்திவிடுவாரே என்று கிட்டத்தட்ட சண்டையே போட்டேன். "பிள்ளைகளுக்குக் கணக்கு வரும்னு நீ நம்புறியா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். நம்புகிறேன் என்றேன். "அப்புறம் என்ன? போ, வகுப்புக்கு நேரமாச்சு."

சோதனை நாள் வந்தது. புரொபசர் வெள்ளைக்கோட்டு, நரைத்த மீசை, சுறுசுறுப்பான மனிதர். கரும்பலகைக்குப் போய் ஒரு படுக்கைக் கோடு போட்டார், அதன்மேல் அழகாக ஒரு வளைவு வரைந்தார். இடதுபக்கம் கீழேயிருந்து ஏறி, மைனஸ் இரண்டில் கோட்டைத் தாண்டி, மேலே குன்றுபோல் எழுந்து, இறங்கி, மூன்றில் கோட்டைத் தொட்டு, மறுபடி மேலேயே போனது.

"இது ஒரு மும்படிக் கோவையோட வரைபடம். கோட்டைச் சந்திக்கிற இடம் ரெண்டும் குறிச்சிருக்கேன். கோவை என்ன? யார் சொல்றீங்க?" என்றார்.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். பெரிய டீச்சர் கடைசி பெஞ்சில். ஆறு பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கதீஜா எழுந்தாள்.

"சொல்ல முடியாது சார்."

வக்கீல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "கேட்டீங்களா? முடியாதாம். அதுவே ஒத்துக்கிருச்சு. இதுக்கு மேல என்ன விசாரணை?"

போச்சு, எல்லாம் போச்சு, கதீஜாவின் அத்தாவுக்குக் கொடுத்த வாக்கும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் கதீஜா உட்காரவில்லை.

"என்னால முடியாதுன்னு சொல்லல சார். யாராலயும் முடியாது. இன்னும் ஒரு இடம் வேணும். எங்கயாவது ஒரு இடத்துல எம்புட்டு உயரம்னு சொன்னீங்கன்னா சொல்லிடுவேன்."

புரொபசரின் புருவம் சுருங்கியது. "ஏம்மா? எக்ஸ் கூட்டல் ரெண்டு ஒரு தடவை. எக்ஸ் கழித்தல் மூணு ரெண்டு தடவை. பெருக்கினா வந்துடாதா?"

"அது ஒரு வளைவுதான் சார். அதையே ரெண்டால பெருக்குனாலும் இதே இடத்துலதான் தாண்டும், இதே இடத்துலதான் தொடும். பாதியாக்கினாலும் அப்பிடித்தான். நீங்க வரைஞ்சது எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

புரொபசர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். சாக்குக்கட்டி அவர் கையில் அப்படியே நின்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, கணக்குப் படித்தவர்களுக்கு எப்போதும் சறுக்குகிற இடம் இதுதான். காரணிகளைக் கண்டதும் கை தானாகப் பெருக்கப் போய்விடும், முன்னால் நிற்கவேண்டிய எண் மறந்துபோகும். நல்ல மனிதர், சமாளிக்கவில்லை. "அட, ஆமாம்!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

வக்கீலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னய்யா சிரிக்கிறீர்? அந்தப் பிள்ளை தெரியாதுங்குது, நீர் ஆமாங்கிறீர்?"

பின்பெஞ்சிலிருந்து பெரிய டீச்சர் எழுந்தார். "முத்தத்துக்கு வாங்க. போட்டுப் பாத்துடலாம்."

முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு அழியாமல் இருந்தது. பேச்சி தானாகவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு எம்புட்டு நேரம்னாலும் வச்சுக்கங்க டீச்சரம்மா" என்றாள் காதோரம். தையல் அறை ஜன்னலில் பத்துப் பதினைந்து தலைகள் தெரிந்தன. வழக்கமாக நாங்கள் கயிறு போடும்போதெல்லாம் அந்த ஜன்னலில் முதலில் வந்து நிற்பவள் வக்கீலின் மகள் பத்மாதான். அன்றும் நின்றாள்.

அன்றைக்கு முற்றத்தில் கதீஜாதான் டீச்சர். நான் வாயே திறக்கவில்லை, என் வாழ்க்கையில் அது ஒரு அதிசயம்.

"புரொபசர் சார், நீங்க மைனஸ் ரெண்டுல நில்லுங்க. அங்கதான் தாண்டுது. செக்ரட்டரி சார், நீங்க இந்த மூணுல. கயிறு கோட்டைத் தொடணும், தாண்டக் கூடாது. குனிஞ்சு பிடிச்சுக்கிறீங்களா?"

தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வக்கீல் குனிந்து கயிற்றைக் கோட்டில் அழுத்திப் பிடித்தார். மற்ற ஐந்து பிள்ளைகளும் நடுவிலுள்ள எண்களில் நின்று, காரணிகளில் தங்கள் தங்கள் எண்ணைப் போட்டு, உயரத்தைக் கணக்கிட்டார்கள். மைனஸ் ஒன்றுக்குப் பதினாறு. பூஜ்யத்துக்குப் பதினெட்டு. ஒன்றுக்குப் பன்னிரண்டு, இரண்டுக்கு நாலு, நாலுக்கு ஆறு. கோட்டிலிருந்து அத்தனை ஜாண் அளந்து போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். வளைவு பெரிதாக எழுந்து நின்றது.

"இது ஒண்ணு. இப்பப் பெரியவங்க ரெண்டு பேரும் நகர வேணாம். நாங்கதான் பாதி தூரம் வாரோம்" என்றாள் கதீஜா.

ஐந்து பேரும் உயரத்தைப் பாதியாக்கிக்கொண்டு கோட்டை நோக்கி வந்தார்கள். பதினெட்டில் நின்றவள் ஒன்பதுக்கு. பன்னிரண்டில் நின்றவள் ஆறுக்கு. குன்று பாதியாகத் தாழ்ந்தது. வேறொரு வளைவு. வக்கீல் கயிற்றைப் பிடித்தபடி தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

"நான் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லையே!" என்றார்.

"அதான் சார். உங்க ரெண்டு பேரை மட்டும் பாத்து எந்த வளைவுன்னு எப்பிடிச் சொல்றது?"

பெரிய டீச்சர் குடையை ஊன்றி நின்றார். "வக்கீல் ஐயா, உங்க பாஷையில சொல்றேன். ரெண்டு சாட்சி இருக்கு. ரெண்டும் உண்மைதான் சொல்லுது. ஆனா ஆள் எந்த இடத்துல கோட்டுக்கு வந்தான்னு மட்டும்தான் சொல்லுது. எவ்வளவு உயரம் போனான்னு சொல்ல மூணாவது சாட்சி வேணும். மூணாவது சாட்சி இல்லாம தீர்ப்புச் சொல்ல மாட்டேன்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு."

வக்கீல் நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கதீஜாவை முதல்தடவையாக நன்றாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "சரி. சாட்சியைக் கூப்பிடுங்கய்யா" என்றார் புரொபசரிடம்.

"பூஜ்யத்துல உயரம் ஒன்பது" என்றார் புரொபசர்.

கதீஜா கண்ணிமைக்கவில்லை. "காரணிகளை மட்டும் பெருக்குனா அங்க பதினெட்டு வரும். ஒன்பதுதான் வேணும். அப்ப முன்னாடி அரை. அரை, எக்ஸ் கூட்டல் ரெண்டு, எக்ஸ் கழித்தல் மூணு ரெண்டு தடவை. இப்ப நாங்க நிக்கிற வளைவுதான் சார்."

"நாலுல என்ன உயரம்?" என்று புரொபசர் கேட்டு வாய் மூடவில்லை, நாலில் நின்ற பிள்ளை கயிற்றைத் தூக்கிக் காட்டி "மூணு!" என்று கத்தினாள். ஜன்னலில் நின்ற தையல் பிள்ளைகள் கைதட்டினார்கள். பேச்சி குலவையே போட்டுவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

புரொபசர் வக்கீலின் தோளில் தட்டினார். "இதே கேள்வியை என் காலேஜ்ல கேட்டிருந்தா எல்லாரும் சட்டுனு விடை சொல்லியிருப்பாங்க. நானும் மார்க் போட்டிருப்பேன். இந்த வகுப்பை மூடினீங்கன்னா நான் உம்ம வீட்டுப் பக்கமே வரமாட்டேன்."

வக்கீல் கைகளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார். பெரிய டீச்சரிடம், "கட்டுத்துணியை எங்க வீட்டு மாடியில வச்சுத் தைக்கட்டும். அறை இங்கேயே இருக்கட்டும்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

அவர்கள் போனபிறகு பெரிய டீச்சர் என் பக்கம் வந்தார். ஏதாவது பாராட்டுவார் என்று ஆசையோடு நின்றேன். கயிற்றைப் பார்த்து, "பேச்சிகிட்டக் குடு. தண்ணி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலடி போய்த் திரும்பி, "சரி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலமே கதீஜா வீட்டுத் தையல்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் அத்தா மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு மெதுவாக, "டீச்சரம்மா, பெரிய வக்கீலு குனிஞ்சு கயிறு பிடிச்சாருங்கிறீக... நெசந்தானா?" என்றார். நெசந்தான் என்றேன். மொஹல்லா முழுக்கக் கேட்கிறமாதிரி சிரித்தார். கதீஜா அங்கிருந்து இன்டர்மீடியட், பி.ஏ. என்று போய்க்கொண்டே இருந்தாள், யாரும் நிறுத்தவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அடுத்த திங்கட்கிழமை. மணி அடித்து ஆறு பேரும் முற்றத்தில் கோட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். தையல் அறைக் கதவைத் திறந்துகொண்டு பத்மா தனியாக வந்தாள். கையில் ஊசிப்பெட்டி இல்லை.

"அப்பா அல்ஜீப்ராவுல சேரச் சொன்னாரு டீச்சர். ரொம்ப நாளா நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். இப்பத்தான் சரின்னாரு."

நான் பதில் சொல்வதற்குள் கதீஜா தாம்புக் கயிற்றின் நுனியை அவள் பக்கம் நீட்டினாள்.

"வா. உங்க அத்தா நின்ன இடத்துலயே நில்லு. மூணு. தொடணும், தாண்டிறக் கூடாது."